மண்பானைத் தண்ணீர் சிங்கப்பூரில் ஏன் குளிர்வதில்லை?

6 ஏப்ரல், காலை

ஈசூன் அக்கா கேட்டது: "புதுக்கோட்டையில் அம்மா வீட்டுப் பானையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே மாதிரி ஒன்றைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து இங்கே கொண்டுவந்தேன். சமையலறை ஜன்னலோரம் வைத்தால் குழாய்த் தண்ணீர் மாதிரியேதான் இருக்கிறது. பானை சரியில்லையா, தண்ணீர் சரியில்லையா?"

இரண்டுமே சரிதான் அக்கா. கோளாறு காற்றில். இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன், மீதியை ராத்திரி எழுதுகிறேன். அதுவரை பானையில் செடி வைத்துவிடாதீர்கள்.

6 ஏப்ரல், இரவு

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து பானையின் வெளிப்புறத்துக்கு வருகிறது, அங்கே ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். 30 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,430 ஜூல். அதைப் பானையிடமிருந்தும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4,180 ஜூலை வெளியேற்றினால் போதும். கணக்குப் பார்த்தால் இரண்டு கிராம்கூட ஆவியாக வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர் போனால் மிச்சமெல்லாம் ஜில்லாகிவிடும். அவ்வளவு மலிவான குளிர்பதனப் பெட்டி.

அப்புறம் ஏன் இங்கே வேலை செய்யவில்லை? தண்ணீரின் மேற்பரப்பில் போக்குவரத்து எப்போதும் இருவழி. உள்ளிருந்து மூலக்கூறுகள் வெளியே போகின்றன, காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி மூலக்கூறுகள் உள்ளே வருகின்றன. சிட்டி ஹால் நிலையத்தில் ரயில் கதவு திறக்கும்போது இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் மோதிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்குவோர் அதிகமாக இருந்தால்தான் பெட்டி காலியாகும். 30 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 4.25 கிலோபாஸ்கல். காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் அதிலுள்ள நீராவி 3.8 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு எதிரே நிற்கிறது. போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். பானை ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்ததும் போவது இன்னும் குறைகிறது. சுற்றியுள்ள காற்றிலிருந்து பானைக்குள் வரும் வெப்பமும் ஆவி எடுத்துப்போகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் குளிர்ச்சி நின்றுவிடும்.

எந்த இடத்தில் நிற்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி மின்விசிறி முன்னால் பிடியுங்கள். இன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் சும்மா வைத்த வெப்பமானி 30 காட்டியது, ஈரத் துணி சுற்றியது 27. அந்த 27-க்குக் கீழே எந்தப் பானையாலும் போக முடியாது, குயவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி. கோடையில் மதுரைப் பக்கம் 38 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் ஒரு மத்தியானத்தில் இதே ஈரத் துணி 24, 25-க்கு இறங்கும். சுற்றிலும் 38 இருக்கும்போது 26 டிகிரித் தண்ணீர் தொண்டையில் ஐஸ் மாதிரி இறங்கும். இங்கே 30-க்கு நடுவே 27. நாக்குக்கு அது ஒரு வித்தியாசமே இல்லை.

8 ஏப்ரல்

தெம்பனிஸ் தம்பி எழுதியிருக்கிறார்: "காற்று பஞ்சு மாதிரி, சூடானால் நிறையத் தண்ணீரை உறிஞ்சும், நம் ஊர்க் காற்று ஏற்கெனவே நனைந்த பஞ்சு." பள்ளியில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் காற்று எதையும் பிடித்து வைப்பதில்லை. ஒரு பெட்டியிலிருந்து காற்றை முழுக்க எடுத்துவிட்டு, 30 டிகிரியில் உள்ளே கொஞ்சம் தண்ணீரை மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? அப்போதும் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி சேர்ந்ததும் ஆவியாதல் நின்றுவிடும். காற்று இருந்தாலும் அதே 30 கிராம்தான். ஜான் டால்டன் 1801 வாக்கிலேயே இதைச் சோதித்துச் சொல்லிவிட்டார்: கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தை மட்டும் தருகிறது. நீராவியின் அளவை முடிவு செய்வது நீரின் வெப்பநிலை. பக்கத்தில் நைட்ரஜன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

சந்தேகம் இருந்தால் கைக்கு சானிடைசர் போட்டுப் பாருங்கள். விடாத மழை நாளிலும் அது நொடியில் காய்ந்து கை சில்லிடும். காற்று "நிறைந்து" போயிருந்தால் அது ஏன் காய வேண்டும்? காற்றில் தண்ணீர்தான் நிறைந்திருக்கிறது, சாராய ஆவி இல்லை. எதிரே வருகிறவர் யாருமில்லாததால் சாராயம் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் கொட்டிய தண்ணீர் மட்டும் அப்படியே கிடக்கும்.

8 ஏப்ரல், சற்று முன்

அக்காவுக்கு ஒரு வழி தோன்றியது. பானையை ஏர்கான் போட்ட அறையில் வையுங்கள். 25 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஈரத் துணி வெப்பமானி 19-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பானைத் தண்ணீர் உண்மையிலேயே குளிரும். மின்கட்டணம் வந்தபின் என்னைத் தேடக் கூடாது.

11 ஏப்ரல்

இதன் மறுபக்கமும் நம் ஊரில் தினமும் நடக்கிறது. கோப்பிக்கடையில் ஐஸ் தே வாங்கி மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் குவளையைச் சுற்றிக் குளம். என் பையன் சின்ன வயதில் குவளை ஓட்டை என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனான். காற்றின் பனிநிலை இங்கே பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எதைக் காற்றில் வைத்தாலும் அதன்மேல் நீராவி நீராகும்.

பலர் கவனிக்காத ஒன்று. ஆவியாகும்போது வாங்கிய கடனை நீராகும்போது முழுக்கத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். குவளையின் வெளியே ஒரு கிராம் நீர் படிந்தால், அது விட்ட வெப்பம் உள்ளே ஏழு கிராம் ஐஸை உருக்கப் போதும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல்தான் தேவை, படிகிற நீர் விடுவதோ 2,450. மேசையில் பத்து கிராம் குளம் கட்டினால் எழுபது கிராம் ஐஸ் காலி. அதனால்தான் இங்கே ஐஸ் பானம் சீக்கிரம் தண்ணியாகிறது, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் சும்மா. குவளைக்கு டிஷ்யூ சுற்றுவது கையைக் காப்பாற்றும், ஐஸைக் காப்பாற்றாது. கயிறு கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் வாங்கினால் பேன்ட்டும் சேர்ந்து நனையும்.

பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதே கதைதான். துடைத்தாலும் பயனில்லை, கண்ணாடி சூடேறும்வரை மீண்டும் படியும்.

இன்னொன்று, தொழில் அனுபவம். நான் ஏர்கான் பழுது பார்ப்பவன். படுக்கையறையை ராத்திரி முழுக்க 18-ல் வைத்துவிட்டு, "பக்கத்து அறைச் சுவரில் ஏன் பூசணம்?" என்று கூப்பிடுவார்கள். குளிர்ந்த சுவரின் மறுபக்கத்தில் வெளிக்காற்று படுகிறது, சுவர் வியர்க்கிறது, பூசணம் வளர்கிறது. 25-ல் வைத்து மின்விசிறியைப் போடுங்கள் என்றால் என்னைக் கஞ்சன் மாதிரிப் பார்ப்பார்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் சேர்த்து ஒன்று.

காலையில் இட்லிப் பானையைத் திறந்ததில் மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்பளம். அதனால் ஆவியைப் பற்றி இன்று எழுதக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. கொதிநீர் ஒரு கிராம் தோலில் பட்டு 40 டிகிரிக்குக் குளிர்ந்தால் 250 ஜூல் விடுகிறது. 100 டிகிரி ஆவி ஒரு கிராம் பட்டால் முதலில் நீராகிறது, அதிலேயே 2,257 ஜூல். பிறகு அந்த 250 தனி. பத்து மடங்கு. இட்லி வேகமாக வேகக் காரணம் எதுவோ, கை வேகவும் காரணம் அதேதான்.

கெண்டியின் மூக்கை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் புகை மூக்கை ஒட்டித் தொடங்காது. முதலில் ஒரு விரற்கடைக்கு ஒன்றுமே தெரியாது, அப்புறம்தான் வெள்ளை வரும். அந்த வெறுமையாகத் தெரியும் இடத்தில்தான் உண்மையான நீராவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத வாயு. வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். எனவே ஆபத்தான பகுதி ஒன்றும் இல்லாதது போலத் தெரிகிற பகுதி. தொழிற்சாலை நீராவிக் குழாய்களில் கசிவு தேடுகிறவர்கள் கையை நீட்டுவதில்லை என்று துவாஸில் வேலை பார்த்த நண்பர் சொல்வார்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அதையும் எழுதிவிடுகிறேன். கல் சுமாரான சூட்டில் இருந்தால் துளி சீறிப் பரவி நொடியில் ஆவியாகும். அளவுக்கு மீறிச் சூடானால் துளி முத்தாக உருண்டு ஓடிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தீராது. துளியின் அடியில் ஆவி ஒரு மெத்தையாக விரிந்து கல்லின் சூட்டைத் தடுக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதைப் பார்த்து எழுதி வைத்தார். துளி உருண்டால் தோசை ஊற்றாதீர்கள், கருகும். கொஞ்சம் தணியட்டும்.

15 ஏப்ரல்

"இவ்வளவு பேசுகிறீர்கள், தண்ணீர் 100 டிகிரியில்தானே ஆவியாகும்? துணி எப்படி 30-ல் காய்கிறது?" என்று ஒருவர். நல்ல கேள்வி, இதை முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஆவியாவது மேற்பரப்பில், எந்த வெப்பநிலையிலும். கொதிப்பது உள்ளே. பாத்திரத்தின் அடியில் ஒரு ஆவிக் குமிழி உருவாகி நசுங்காமல் நிற்க வேண்டுமென்றால் அதன் அழுத்தம் வெளி அழுத்தத்துக்கு ஈடாக வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீருக்கு அது 100 டிகிரியில் நடக்கிறது. வெளி அழுத்தம் மாறினால் அந்த நூறும் மாறும்.

அதற்கு முன்னால் கெண்டி பாடுமே, அது அடியில் உருவான குமிழிகள் மேலே இருக்கும் சூடு குறைந்த தண்ணீரில் ஏறி நசுங்குகிற சத்தம். கொதி வந்ததும் பாட்டு அடங்கும், ஏனென்றால் நசுங்க இடமில்லை.

உட்லண்ட்ஸ் அண்ணன் ஒருவர் புக்கிட் தீமா குன்றின் மேல் அடுப்பு வைத்தால் தேநீர் சரியாக வராது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அண்ணே, அது 163 மீட்டர். கொதிநிலை அரை டிகிரி குறையும், அவ்வளவுதான். பினேக்கல் அட் டக்ஸ்டன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் 50-ஆவது மாடியிலும் கிட்டத்தட்ட அதே கதி. அங்கே குடியிருப்பவர்கள் தேநீரைப் பற்றிப் புகார் செய்ததாகக் கேள்விப்படவில்லை. ஊட்டிக்குப் போங்கள், 2,240 மீட்டர், கொதிநிலை 92, 93-தான். துவரம்பருப்பு அங்கே சாதாரணப் பாத்திரத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

குக்கர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. டெனி பாபன் 1679-இல் எலும்பை மெத்தென்று வேகவைக்க மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார், வெடிக்காமல் இருக்க அதற்கொரு வால்வும் வைத்தார். நம் குக்கரின் வெயிட் கூடுதலாக இன்னொரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. கொதிநிலை 120-ஐத் தொடுகிறது. விசில் வந்துகொண்டே இருக்கும்போது தீயைக் கூட்டி வைப்பதில் அர்த்தமே இல்லை. வெப்பம் ஏறாது, ஆவிதான் வீணாகும். குறைத்து வையுங்கள். அப்புறம் அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் உள்ளே 120-ல் இருக்கும் சாம்பாருக்கு மேல் திடீரென்று அழுத்தம் இல்லை, மொத்தமும் ஒரே நேரத்தில் கொதிக்கும். மேல்தட்டு வரைக்கும் பருப்பு. இதை எங்கள் வீட்டில் யார் செய்தார்கள் என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

19 ஏப்ரல்

தொழிலில் இதெல்லாம் பயன்படுகிறதா என்று கேட்டார்கள். ஏர்கான் தொழிலே இதுதான்.

சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கும் வளைந்த செப்புக்குழாயில் ஒரு திரவம் கொதித்துக்கொண்டிருக்கிறது. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32. திறந்த வெளியில் விட்டால் −52 டிகிரியிலேயே கொதித்துவிடும். நாங்கள் அதை அழுத்தத்தில் அடைத்து 5 டிகிரியை ஒட்டிக் கொதிக்க வைக்கிறோம். கொதிக்கத் தேவையான வெப்பத்தை உங்கள் அறைக் காற்றிடமிருந்து எடுக்கிறது. வெளியே சுவரோரத் திட்டில் இருக்கும் பெட்டியில் கம்பிரசர் அதை இறுக்கிச் சூடாக்குகிறது, அங்கே ஆவி திரவமாகி, வாங்கிய வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒருபக்கம் கொதிப்பு, மறுபக்கம் குளிர்ந்து திரவமாதல்.

எங்கள் கேஜ் (அழுத்தமானி) வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வெளிவளையத்தில் அழுத்தம், உள்ளே ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வளையத்தில் வெப்பநிலை. ஆர்-410ஏ-வில் முள் 118 பிஎஸ்ஐ காட்டினால், உள்ளே 4, 5 டிகிரியில் கொதிக்கிறது என்று அர்த்தம். பழைய ஆர்-22 காலத்தில் அதே வெப்பநிலைக்கு 68. குழாயைத் திறக்காமலே உள்ளே என்ன வெப்பநிலை என்று அழுத்தம் சொல்லிவிடுகிறது. திரவமும் ஆவியும் ஒன்றாக இருக்கும்வரை இந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டு நகர முடியாது. குழாய் முடிவில் கை வெப்பமானியை வைத்து, முள் சொன்னதைவிட சில டிகிரி கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் திரவம் முழுக்கக் கொதித்து முடிந்து ஆவி மட்டுமே கம்பிரசருக்குப் போகிறது. இல்லையென்றால் திரவமும் சேர்ந்து போகிறது. திரவத்தை அமுக்க முடியாது, கம்பிரசர் சாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாக்குவம் போடும் கட்டம். புதுக் குழாய் போட்டதும் உள்ளே சிங்கப்பூர்க் காற்று, அதில் ஈரம். ஈரம் உள்ளே இருந்தால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், குறுகிய வழியில் ஐஸாகி அடைக்கும். எப்படி எடுப்பது? குழாயை அடுப்பில் வைக்க முடியாது. பம்ப்பை மாட்டி அழுத்தத்தைக் குறைக்கிறோம். 30 டிகிரித் தண்ணீர் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கொதித்துவிடும். நாங்கள் இறக்குவது அரை மில்லிமீட்டர் வரைக்கும், தொழிலில் 500 மைக்ரான் என்போம். அதாவது பகல் வெப்பத்திலேயே, தீ இல்லாமல், குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி பம்ப் வழியாக வெளியேறுகிறது.

ஒருமுறை ஒரு வீட்டில் வேறு யாரோ போட்ட குழாய், வாயை மூடாமல் விட்டிருந்தார்கள், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பம்ப் போட்டேன், முள் இறங்கி, 4 மில்லிமீட்டர் பக்கம் வந்து அப்படியே நின்றது. கசிவும் இல்லை. குழாயின் கீழ்வளைவைத் தொட்டால் மற்ற இடத்தைவிடச் சில்லென்று, வெளியே முத்து முத்தாக வியர்வை. உள்ளே தண்ணீர் அவ்வளவு வேகமாகக் கொதித்திருக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்து எடுத்து உறைந்து ஐஸாகிவிட்டது. 4.6 மில்லிமீட்டருக்குக் கீழே திரவத் தண்ணீருக்கு இடமே கிடையாது, ஒன்று ஐஸ், இல்லை ஆவி. ஐஸ் மெதுவாகத்தான் ஆவியாகும், பம்ப்பை நாள் முழுக்க ஓட்டினாலும் முள் நகராது. பம்ப்பை நிறுத்தி, உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு, ஐஸ் உருகும்வரை காத்திருந்து, மீண்டும் பம்ப் போட வேண்டும். வீட்டுக்காரர் பின்னால் நின்று "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் குழாயில் ஐஸ் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள், வெளியே 32 டிகிரி.

20 ஏப்ரல்

"வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் செய்யச் சொல்கிறார்களே?" மூடிய சுற்றில் கொதித்து, திரவமாகி, மீண்டும் கொதிக்கிறது. தீர்ந்துபோவதற்கு அது பெட்ரோல் இல்லை. குறைந்தால் கசிவு. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவரிடம் அடுத்த வருஷமும் பணம் கொடுக்கத் தயாராக இருங்கள்.

27 ஏப்ரல்

கோயில் அன்னதானத்துக்குச் சமைப்பவர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: பெரிய அடுப்பைப் போட்டால் கேஸ் உருளையின் கீழ்ப்பாதி வியர்க்கிறது, போகப்போகத் தீ சிறுத்துவிடுகிறது, உருளை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உள்ளே இருப்பது திரவம். புரோப்பேன் −42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் −0.5-ல். உருளைக்குள் அதன் சொந்த ஆவியே மேலே அழுத்திக்கொண்டிருப்பதால் அமைதியாக இருக்கிறது. வால்வைத் திறந்து ஆவியை எடுக்க எடுக்க, திரவம் கொதித்து ஈடுகட்டுகிறது, அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் உருளையிடமிருந்தும் எடுக்கிறது. பெரிய அடுப்பு அவசரமாக இழுத்தால் திரவம் குளிர்ந்துவிடும், ஆவி அழுத்தம் இறங்கும், தீ சிறுக்கும். இரண்டு உருளைகளை இணைத்து வேலையைப் பங்கிடுவது நல்லது. உருளையைத் தீயிலோ கொதிநீரிலோ சூடாக்கவே கூடாது. வியர்வைக் கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் உள்ளே திரவ மட்டம். எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை, தடவிப் பார்த்தால் போதும்.

28 ஏப்ரல்

துபாயிலிருந்து வந்த நண்பர்: "அங்கே கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கிறார்கள். இங்கே ஏன் சவ்வு வழியே பிழிகிறார்கள்?"

கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ தண்ணீரை 30-லிருந்து 100-க்குக் கொண்டுபோக 293 கிலோஜூல், அதை ஆவியாக்க 2,257. முழுக்கக் காய்ச்சி, அந்த வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காமல் விட்டால் ஒரு கன மீட்டருக்கு 700 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆவி குளிரும்போது விடும் வெப்பத்தை அடுத்த கட்டத் தண்ணீருக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் வளைகுடா ஆலைகள் சமாளிக்கின்றன, மின்நிலையத்தில் மிச்சமாகும் வெப்பமும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. சவ்வு வழியே பிழிகிற எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு 3.5 யூனிட் போதும், அங்கே தண்ணீர் நிலையே மாறுவதில்லை. 2005-இல் துவாஸில் திறந்த முதல் ஆலையிலிருந்து இங்கே சவ்வுதான்.

1762 வாக்கில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அடுப்பில் தண்ணீரை வைத்து நேரம் பார்த்தார். கொதி வர ஆன நேரத்தைப் போல ஐந்து மடங்கு ஆயிற்று, அது முழுக்க வற்ற. அவ்வளவு நேரமும் வெப்பமானி ஒரு கோடுகூட ஏறவில்லை. போன வெப்பம் எங்கே என்று கேட்டவர் அவர்தான். நம் தண்ணீர்க் கட்டணத்தில் அந்தக் கேள்வியின் பதிலும் இருக்கிறது.

3 மே

கடைசியாக ஒன்று, இது நம் ஊருக்கென்றே அமைந்தது.

கட்டடக் காவலராக இருக்கும் அண்ணன் ஒருவர்: "கறுப்புக் குழல் மாட்டிய கரியமில வாயுத் தீயணைப்பானில் மட்டும் அழுத்தம் காட்டும் முள் இல்லையே, எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" முள் வைத்தும் பயனில்லை என்பதால்தான் இல்லை அண்ணே. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும். பாதி தீர்ந்தாலும் திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும்வரை அழுத்தம் அதே அளவுதான், அது வெப்பநிலையை மட்டும் பார்க்கும். முள் "நிறைய இருக்கிறது" என்று பொய் சொல்லும். ஆகவே எடை போட்டுத்தான் பார்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கரியமில வாயுவுக்கு சுமார் 31 டிகிரிக்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இதைக் காட்டினார், அவர் அளந்தது 30.92. கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடேற்றினார். இடையே இருந்த பரப்புக் கோடு மங்கி, வளைவு தட்டையாகி, நெளிந்து காணாமல் போயிற்று. ஆவியாகவும் இல்லை, கொதிக்கவும் இல்லை, மேலும் கீழும் ஒன்றாகிவிட்டது. தண்ணீருக்கும் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது, 374 டிகிரியும் 218 வளிமண்டல அழுத்தமும். அதை நாம் வீட்டில் பார்க்கப் போவதில்லை. கரியமில வாயுவின் புள்ளியோ நம் பிற்பகல் வெப்பநிலைக்குள்ளேயே விழுகிறது.

காலை ஏழு மணிக்கு, 26 டிகிரியில், அண்ணன் காவலுக்கு உட்காரும்போது அந்த உருளைக்குள் திரவம் தளும்பிக்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு வாகன நிறுத்துமிடம் 33-ஐத் தாண்டினால் உள்ளே திரவம் கிடையாது, ஆனால் ஒரு கிராம்கூட வெளியே போயிருக்காது. ராத்திரி மறுபடியும் திரவம். தீயணைப்பான் அதற்கெல்லாம் தயாராகத்தான் செய்யப்பட்டிருக்கிறது, ஆனாலும் நேர் வெயிலில் வைக்காதீர்கள், அழுத்தம் ஏறும்.

எடையை எப்போது பார்த்தார்கள் என்று உருளையில் ஒட்டிய சீட்டில் தேதி இருக்கும். அது பழையதாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் சொல்லுங்கள்.